குளிர் காய்ந்துகொண்டே குளிரை அளந்த கதை

பொய் சொல்லி ஒருவரைக் கெடுக்க வேண்டுமானால் கொஞ்சம் மூளை வேண்டும், துணிச்சல் வேண்டும். உண்மையை மட்டுமே எழுதி ஒருவரைக் கெடுப்பதற்கு அதெல்லாம் தேவையில்லை, சோம்பேறித்தனம் போதும். அது என்னிடம் தாராளமாக இருந்தது. நாற்பத்தேழு நாட்கள், ஒரு நாள்கூடத் தவறாமல், தெர்மாமீட்டரில் தெரிந்த எண்ணை உள்ளது உள்ளபடி நோட்டில் எழுதினேன். அப்படி எழுதியே என் அக்காவின் டாக்டர் பட்டத்துக்குக் குழி தோண்டினேன்.

இப்போது செங்கல்பட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். நான் எழுதும் ஒவ்வொரு எண்ணையும் இன்னொருவர் சரிபார்த்த பிறகுதான் வெளியே போகும். அங்கே எல்லோருக்கும் அதே விதிதான். (எனக்காகவே போட்ட விதி என்று என் வீட்டில் இன்றுவரை நம்புகிறார்கள். நானும் மறுத்துப் பேசுவதை விட்டுவிட்டேன்.)

எங்கள் ஊர் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற வழியில், பஸ் நிறுத்தத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் தோட்டம், தோட்டத்துக்குப் பின்னால் ஏரிக்கரை. மலைமேல் கழுகு வந்து சாப்பிட்டுப் போவதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்த பக்கம் இது. கழுகுகள் வருவது நின்று எத்தனையோ வருஷமாகியும் இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு வருஷமும் மழைக்காலத்தில் இமயமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பறந்து வந்து, எங்கள் ஏரிக் கோரையில் தங்குகிற மஞ்சள் வாலாட்டிக் குருவியை ஊரில் ஒருவரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. கைக்குள் அடங்குகிற குருவி அது. நடக்கும்போதெல்லாம் வாலை மேலும் கீழும் ஆட்டும். அதைப் பார்த்த ஒரே ஆள் என் அக்கா கலைச்செல்வி.

அக்கா விலங்கியல் படித்தவள். குளிருக்கும் அந்தக் குருவிக்கும் உள்ள சம்பந்தத்தைத்தான் ஆராய்ச்சிக்கு எடுத்திருந்தாள். வடக்கே குளிர் ஏறி, பூச்சி கிடைக்காமல் போகும்போது குருவி தெற்கே வருகிறது என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். வந்த இடத்தில் குளிர் கூடினால், குறைந்தால் அது என்ன செய்கிறது என்பதுதான் அக்காவின் கேள்வி. (“நம்மூர்ல ஏதுடி குளுரு?” என்று அம்மா கேட்பாள். கேட்கும்போது தலையில் மஃப்ளர் சுற்றியிருப்பாள்.) இரண்டு மார்கழி மாதங்கள் அக்காவே விடியற்காலையில் ஏரிக்கரையில் உட்கார்ந்து பார்த்தாள். குளிர் கூடின காலைகளில் பூச்சிகள் அசையாமல் கிடக்கும். குருவிகள் கோரையை விட்டு வயலுக்கு இறங்கத் தாமதிக்கும். வெதுவெதுப்பான காலைகளில் சீக்கிரமே இறங்கி வயிறு நிறையத் தின்னும். அப்படித் தின்று தேறுகிற குருவி வடக்கே திரும்புவதற்கும் முன்னதாகவே தயாராகிவிடும் என்பது அவளுடைய ஊகம். மூன்றாவது மார்கழியும் அதையே காட்டிவிட்டால் எழுதி முடித்துவிடலாம்.

அந்த மூன்றாவது மார்கழிதான் அவளுக்குக் கடைசி மார்கழி. கொடுத்த காலம் தீர்ந்து, கல்யாணத்துக்காக ஒரு நீட்டிப்பு, வயிற்றில் பிள்ளை என்று இன்னொரு நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. வருகிற ஜூனுக்குள் ஆராய்ச்சியை ஒப்படைக்க வேண்டும். அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியரும் அதே ஜூனில் ஓய்வு பெறுகிறார். பட்டம் கிடைத்தால் கல்லூரியில் நிரந்தர வேலைக்கு வழி உண்டு. கிடைக்காவிட்டால், “போதும் படிச்சது” என்று சொல்லக் கல்பாக்கத்தில் மாமியார் காத்துக்கொண்டிருந்தார். சுகுமார் மாமா, அதாவது அக்கா புருஷன், நல்ல மனிதர். (தன் அம்மா பேச்சைத் தட்டாத நல்ல மனிதர்.)

முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பதால் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நவம்பர் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது, ஆபரேஷன் செய்து. நாற்பது நாளைக்கு அக்கா அறையை விட்டு வரக் கூடாது, அதற்குப் பிறகும் தையல் போட்ட உடம்பு தோட்டத்துப் படி இறங்கக் கூடாது என்று அம்மா சட்டம் போட்டுவிட்டாள். காற்று பட்டால் ஜன்னி வரும் என்பது அம்மாவின் விஞ்ஞானம். ஆக, குருவியைப் பார்க்க வீட்டில் மிச்சமிருந்த ஒரே ஆள் நான். பி.எஸ்ஸி. முடித்துவிட்டு ஒன்றரை வருஷமாக வேலை தேடிக்கொண்டிருந்தேன். தேடினேன் என்பதுகூடப் பெரிய வார்த்தைதான்.

“டேய் பாபு, உன்ன நம்பித்தான்டா கீறேன்” என்றாள் அக்கா, கட்டிலில் படுத்தபடி.

“இதெல்லாம் ஒரு வேலையாக்கா? குச்சியப் பாத்து நம்பர் எழுதணும். அவ்ளோதான?”

“அவ்ளோதான். ஆனா சரியா எழுதணும்.”

காலை ஆறு மணிக்குத் தெர்மாமீட்டரைப் பார்க்க வேண்டும். பிறகு கரையேறி, முதல் கூட்டம் எத்தனை மணிக்குக் கோரையை விட்டுக் கிளம்புகிறது, எத்தனை குருவி என்று எழுத வேண்டும். தெர்மாமீட்டர் வைக்கிற வெள்ளைப் பெட்டி முன்பு கரையிலேயே ஒரு கம்பத்தில் இருந்தது. கோழிக்கூண்டுக்கு ஆகும் என்று யாரோ கோடையில் கம்பத்தோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் புதுப் பெட்டி செய்து, இந்தத் தடவை தோட்டத்தில் மரத்தில் கட்டச் சொன்னாள்.

“நெழல்ல கட்டு. செவுத்தாண்ட வேணாம். நெஞ்சு ஒசரம் இருக்கணும். ஒருதபா கட்டிட்டன்னா மார்கழி முடியற வரைக்கும் எடத்த மாத்தவே கூடாது. புரிஞ்சிதா?”

புரிந்தது. டிசம்பர் முதல் தேதி, தோட்டத்துப் புங்கமரத்தில் நெஞ்சு உயரத்துக்குப் பெட்டியைக் கட்டினேன். அந்த ஒரு காரியத்தை மட்டும் நான் ஒழுங்காகச் செய்தேன் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். முதல் ஏழு நாட்கள் எல்லாம் முறையாக நடந்தன. ஆறு மணிக்குப் பல் கிட்டித்துக்கொண்டு போவேன். பத்தொன்பது, இருபது என்று பார்ப்பேன். எழுதிவிட்டுக் கரைக்கு ஓடுவேன்.

எட்டாம் நாள் குழந்தையைக் குளிப்பாட்ட ரோசம்மா வந்தார். சுற்று வட்டாரத்தில் பாதிப் பிள்ளைகள் அவர் காலில் படுத்துக் குளித்தவைதான். குழந்தைக்கும் வெந்நீர், பிள்ளை பெற்றவளுக்கும் வெந்நீர். கேஸ் அடுப்பில் காய்ச்சினால் கட்டுப்படி ஆகாது என்று அம்மா தோட்டத்தில் மூன்று கல் வைத்து, பெரிய அண்டாவை ஏற்றினாள். எங்கே? புங்கமரத்துக்குப் பக்கத்தில்தான். விறகு அடுக்கி வைத்திருந்த இடம் அது. பெட்டிக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற இடைவெளி. அந்த இடைவெளியில் நின்ற ஆள் நான்.

இங்கேதான் நான் உண்மையைச் சொல்லியாக வேண்டும். இடத்தை மாற்றக் கூடாது என்று அக்கா சொன்னதால்தான் பெட்டியை நகர்த்தவில்லை என்று பின்னால் எல்லோரிடமும் சொன்னேன். கேட்டவர்கள் அதை நம்பினார்கள். உண்மை அதுவல்ல. ஆறு மணிக் குளிரில் அந்த அடுப்போரம் சொர்க்கமாக இருந்தது. இரண்டு உள்ளங்கையையும் நெருப்புக்குக் காட்டி, தேய்த்து, கன்னத்தில் வைத்துக்கொள்வேன். அப்படியே கழுத்தை மட்டும் திருப்பித் தெர்மாமீட்டரைப் பார்ப்பேன். இருபத்தாறு என்று இருக்கும். எழுதுவேன். பெட்டியை வேறு மரத்துக்கு மாற்றினால் நானும் அங்கே போய் நிற்க வேண்டுமே என்பதுதான் என் கவலை.

ரோசம்மா முதல் நாளே கேட்டார்.

“இன்னா பாபு, அடுப்பாண்ட பொட்டிய மாட்டி வச்சிகீற? அதுக்கும் குளுருதா?”

“இது ஆராய்ச்சிங்க. சொன்னா உங்களுக்குப் புரியாது.”

“எனக்கு எங்கப்பா புரியப் போவுது” என்றபடி அவர் வெந்நீரைச் சொம்பால் மொண்டுகொண்டு போய்விட்டார். அந்த மார்கழியில் எங்கள் வீட்டில் மூளையோடு பேசப்பட்ட ஒரே கேள்வி அது.

குளிர் அதிகமாக இருந்த நாட்களில் அம்மா நான்கு மணிக்கே எழுந்து இரண்டு கட்டை கூடப் போடுவாள். அன்றைக்கு இருபத்தெட்டு. பனி விழாத நாட்களில் சும்மா நான்கு சுள்ளி, அன்றைக்கு இருபத்துநான்கு. ஆக, என் நோட்டில் ஊர் நடுங்கிய நாளெல்லாம் வெயில் நாள், ஊர் நடுங்காத நாளெல்லாம் குளிர் நாள். குருவிகளோ பாவம், உண்மையான குளிருக்குத்தான் கட்டுப்பட்டன. நடுங்கிய நாளில் தாமதமாகவே கிளம்பின. விளைவு, என் கணக்குப்படி சூடு ஏற ஏறக் குருவிகள் தாமதித்தன. அக்காவின் இரண்டு வருஷ உழைப்பையும் தலைகீழாகப் புரட்டிய இளம் மேதை என்று என்னை நினைத்துக்கொண்டேன்.

அக்காவுக்குச் சந்தேகம் வராமல் இல்லை. ஒரு நாள் நோட்டைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். குழந்தை இரவெல்லாம் தூங்க விடாததில் கண் உள்ளே போயிருந்தது.

“டேய், இருபத்தெட்டா? ஜன்னல் கண்ணாடியெல்லாம் பனித்தண்ணி நிக்குதுடா.”

“உலகமே சூடாவுதுக்கா. நீதான சொல்லுவ?”

“பொட்டி மேல வெயில் கியில் படுதா?”

“ஆறு மணிக்கு இன்னா வெயிலு? நெழல்லதான்க்கா கீது.”

“செவுத்தாண்ட?”

“இல்லவே இல்ல. மரத்துல.”

அவள் கேட்ட எல்லாவற்றுக்கும் உண்மையைத்தான் சொன்னேன். அடுப்பு இருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. தன் பிள்ளைக்குக் காய்கிற வெந்நீர் எங்கே காய்கிறது என்று அறைக்குள் இருக்கிறவளுக்கு எப்படித் தெரியும்?

இதற்கிடையில் நான் இன்னொன்றும் கண்டுபிடித்தேன். வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை, வெப்பநிலை பொத்தென்று இருபதுக்கு விழுந்துவிடும். திங்கட்கிழமை மறுபடி ஏறிவிடும். ஒரு வாரம் இல்லை, எல்லா வாரமும். இதற்குக் காரணம் தேடி இரண்டு நாள் யோசித்தேன். (அடுப்போரம் நின்றுதான்.) மூன்றாம் நாள் பிடிபட்டது. எங்கள் பக்கம் நெடுஞ்சாலை நெடுகத் தொழிற்சாலைகள், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, வண்டியும் ஓடாது, புகையும் வராது, ஆகவே அன்று மட்டும் காற்று குளிர்ந்துவிடுகிறது! கிறிஸ்துமஸ் அன்றைக்கும் வெப்பநிலை விழுந்தது. ஜனவரி முதல் தேதியும் விழுந்தது. அவையும் விடுமுறை நாட்கள்தானே? என் கொள்கை நிரூபணமாகிவிட்டது என்று தோட்டத்தில் ஒரு குதி குதித்தேன்.

அக்காவிடம் சொன்னேன். அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இந்த வருஷ நம்பர் ஏதோ சரியா இல்லடா. ஏன்னு தெரியல. சார்கிட்ட அப்படியே காட்டி, காரணம் தெரியலன்னே சொல்லிடப் போறேன். நீ ஞாயித்துக்கிழமைக் கதைய வுட்டுடு” என்றாள்.

விடுகிற ஆளா நான்?

ஜனவரி கடைசி வாரம் மாமல்லபுரத்தில், கடற்கரை ஓரமாக இருந்த ஒரு ஹோட்டலில் வலசைப் பறவைகளைப் பற்றி ஒரு நாள் கருத்தரங்கு. அக்காவின் பேராசிரியர் வருகிறார். அவள் ஆராய்ச்சியைப் படித்து மதிப்பிடப் போகிற வெளியூர் அறிஞர் ஒரு அம்மாவும் வருகிறார். அவர்கள் இரண்டு பேர் முன்னால் மூன்றாவது மார்கழியை வைத்துவிட்டால், பிறகு எழுதிக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. பிரசவத்துக்குப் பிறகு அக்கா வெளியே போகிற முதல் பயணம் அது. அவளுடைய கல்யாணப் பட்டுக்கு அடுத்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டாள். குழந்தையைத் தூக்க அம்மா, கம்ப்யூட்டரில் படம் மாற்ற நான். என் வேலை பொத்தானை அழுத்துவது மட்டும். முதல் நாள் சாயந்திரம் அவளுக்குத் தெரியாமல் கடைசியில் மூன்று படங்களைச் சேர்த்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கொள்கைக்கு இரண்டு. என் கருவியை உலகம் பார்க்கட்டும் என்று பெட்டியின் புகைப்படம் ஒன்று.

அந்தப் புகைப்படத்துக்காக நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். பெட்டியின் ஒரு பக்கம் கரி பிடித்துக் கறுத்திருந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று ஈரத்துணியால் துடைத்து, சுண்ணாம்பு தடவி, வெள்ளையாக்கிப் படம் எடுத்தேன். ஒரு பக்கம் மட்டும் ஏன் கறுத்திருக்கிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பட்டம் வாங்கிய மூளை அது.

அக்கா பேச ஆரம்பித்தாள். நன்றாகப் பேசினாள். முதல் மார்கழி, இரண்டாம் மார்கழி என்று அவள் சொல்லச் சொல்லப் பேராசிரியர் தலையாட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் மார்கழிக்கு வரும்போது பின்வரிசையில் குழந்தை அழுதது. அம்மா தட்டினாள், ஆட்டினாள், வெளியே தூக்கிப்போய்த் திரும்ப வந்தாள். பசி அழுகை. அக்காவின் புடவையில் மார்புப் பக்கம் ஈரம் பரவுவது எனக்கே தெரிந்தது. அவள் மைக்கை என் கையில் திணித்து, “அஞ்சு நிமிசம். இருக்கறத அப்படியே படி. வேற எதுவும் பேசாத” என்று காதில் சொல்லிவிட்டு ஓடினாள். அம்மா குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தாள். மகன் மேடையில் பேசுவதைப் பார்க்க வேண்டுமல்லவா?

இருந்ததைப் படித்தேன். அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது. சபை முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றரை வருஷமாக என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. பொத்தானை அழுத்தினேன். ஞாயிற்றுக்கிழமைக் கொள்கை வந்தது. தொழிற்சாலை, புகை, விடுமுறை, கிறிஸ்துமஸ் என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். முன்வரிசையில் ஒருவர் குறிப்புகூட எடுத்தார். கடைசியாக, “இதுதான் எங்கள் கருவி” என்று புகைப்படத்தைப் போட்டுவிட்டு ஒரு நன்றி சொன்னேன்.

கைதட்டினார்கள். வெளியூர் அறிஞர் கையைத் தூக்கினார். மூக்குக் கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற அம்மா.

“தம்பி, ரொம்பத் தெளிவா சொன்னீங்க. அந்தப் படத்த எடுக்காதீங்க. பெட்டிக்குக் கீழ, இடது பக்கம் ஓரமா இருக்கே, அது என்ன?”

திரும்பிப் பார்த்தேன். திரையில் அது வீட்டுக் கதவு அகலத்துக்குப் பெரிதாகத் தெரிந்தது.

“அண்டாங்க மேடம்.”

“அண்டாவுக்குக் கீழ?”

“அடுப்புங்க.”

“எப்ப எரியும்?”

“காலையில… வெந்நி வைக்க…”

“ஞாயிற்றுக்கிழமையும் எரியுமா?”

நான் வாயைத் திறப்பதற்குள் கடைசி வரிசையிலிருந்து பதில் வந்தது. மகன் திணறுகிறான் என்று அம்மா உதவிக்கு எழுந்து நின்றுவிட்டாள்.

“ஞாயித்துக்கெழம எரியாதும்மா! ரோசம்மா கோயிலுக்குப் பூடும்! கிறிஸ்மஸுக்கும் வரல, புது வருசத்துக்கும் வரல. அன்னிக்கெல்லாம் கொழந்தைக்கு ஈரத்துணியால தொடக்கறதோட சரி!”

சபை சிரித்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். குறிப்பு எடுத்தவர் எழுதியதைக் கிழித்தே விட்டார். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். சிரிக்காதவர்கள் மூன்று பேர். பேராசிரியர், அந்த அறிஞர் அம்மா, பிறகு அக்கா. அக்கா எப்போது வந்தாளோ, பால் குடித்துத் தூங்கிவிட்ட குழந்தையைத் தோளில் போட்டபடி வாசலில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. அண்டாவைத்தான் பார்த்தாள். எனக்கு அழுகை வந்தது. மேடையில் அழுதால் அதற்கும் சிரிப்பார்கள் என்று கம்ப்யூட்டர் ஒயரைச் சுருட்டுவது போலக் குனிந்துகொண்டேன்.

திருக்கழுக்குன்றம் வரைக்கும் ஷேர் ஆட்டோவில் வந்தோம். அக்கா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சாலையையே பார்த்தபடி வந்தாள். அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

“இன்னாடி, எல்லாரும் அவ்ளோ சந்தோசமா சிரிச்சாங்க, நீ மூஞ்சத் தூக்கி வச்சிகினு வர?”

“ஒண்ணுமில்லம்மா.”

கொஞ்ச தூரம் போன பிறகு அக்கா என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அடுப்பு மொதல்லேர்ந்தே அங்கதான் இருந்துச்சா?”

“இல்லக்கா. எட்டாம் நாள்லேர்ந்து.”

“அப்ப மொத ஏழு நாள் சரியா இருக்கும்” என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் ஏழு நாள், பிறகு ஐந்து ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸ், புது வருஷம். பதினான்கு நாட்களை மட்டும் எடுத்து வரைபடத் தாளில் புள்ளி வைத்தாள். முதல் இரண்டு மார்கழியும் என்ன சொன்னதோ, அதையேதான் அந்தப் பதினான்கு புள்ளியும் சொன்னது. குளிர்ந்த நாளில் குருவி தாமதம், வெதுவெதுப்பில் முந்தல். அவள் நினைத்தது சரிதான். ரோசம்மா வேலைக்கு வராத நாளெல்லாம் அவள் பக்கம் சாட்சி சொன்னது. நான் எழுந்து நின்று பார்த்துவிட்டு, “சரியா வருதே அக்கா!” என்று கத்தினேன். அவள் தாளைப் பார்த்துக்கொண்டே, “பதினாலு போதாதுடா” என்றாள்.

போதவில்லை. பேராசிரியர் நல்லவர், இரண்டு தடவை வீட்டுக்குப் போன் செய்து பேசினார். சென்னையில் அளந்த எண்களை வைத்து எழுத முடியாதா என்று நான்கூடக் கேட்டேன். அவள் ஆராய்ச்சியே எங்கள் ஏரிக்கரைக் குளிரைப் பற்றியது. சென்னைக் குளிரை வைத்து அதை எழுத முடியாது. மறுபடி ஒரு மார்கழி வேண்டும். அதற்குள் ஜூன் வந்துவிடும். இன்னொரு நீட்டிப்பு கேட்டு விண்ணப்பம் போட்டாள், வரவில்லை. ஐந்தாம் மாதம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கல்பாக்கம் போனாள். மாமியார் சொல்லக் காத்திருந்ததைச் சொன்னார். அடுத்த வருஷம் ஒரு தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் டீச்சராகச் சேர்ந்தாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள்.

வீட்டில் இது பெரிய வேடிக்கைக் கதையாகிவிட்டது. மார்கழியில் யாராவது “இன்னா குளுரு!” என்றால் போதும், “பாபுவக் கேளு, அடுப்பாண்ட நின்னு பாத்து சொல்லுவான்” என்று நைனா, அதாவது எங்கள் அப்பா, ஆரம்பிப்பார். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பஜ்ஜி தட்டு வருவதற்கு முன்பே அம்மா இந்தக் கதையைச் சொல்லி முடித்துவிட்டாள். (அப்படியும் பெண் கொடுத்தார்கள். அவர்கள் நல்ல மனசு.) அக்காவும் கூடவே சிரிப்பாள். அவள் சிரிக்க ஆரம்பித்ததும் நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விடுவேன்.

அந்தக் கல்யாணத்துக்குத்தான் பத்திரிகை அடித்தார்கள். செங்கல்பட்டில் கொடுத்து, நைனாவே பெயர்களைச் சொல்லி எழுத வைத்திருந்தார். கட்டு வந்ததும் அக்கா ஒன்றை எடுத்துப் பிரித்தாள். எங்கள் பக்கம் படித்துக்கொண்டிருக்கும் பட்டத்தை அடைப்புக்குறிக்குள் போடுவது வழக்கம். ‘கலைச்செல்வி, எம்.எஸ்ஸி., (பிஎச்.டி.)’ என்று அச்சாகியிருந்தது. படிப்பு நின்று நான்கு வருஷமாகியிருந்தது. அக்கா மகளின் பையிலிருந்து கறுப்பு மார்க்கர் பேனாவை எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு பத்திரிகையாகப் பிரித்து, அந்த இடத்தில் மட்டும் கோடு இழுத்தாள்.

நைனாவுக்குத் தாங்கவில்லை. “இருந்துட்டுப் போவட்டும்மா. யாரு வந்து கேக்கப் போறாங்க?”

“யாரும் கேக்க மாட்டாங்க நைனா. நான் படிப்பேன் இல்ல?”

அவர் வெளியே போய்விட்டார். நான் இன்னொரு மார்க்கர் வாங்கி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாதிக் கட்டை எடுத்துக்கொண்டேன். நானூறு பத்திரிகை. மத்தியானம் ஆரம்பித்தது, சாயந்திரம் வரை ஆனது. நான் முடித்து அடுக்கியதை அவள் எடுத்து, ஒவ்வொன்றாகத் திருப்பிச் சரிபார்த்தாள்.

“இதுலகூடவாக்கா?”

“இதுலகூடத்தான்” என்று சொல்லி, மூன்று பத்திரிகையைத் திருப்பித் தந்தாள்.

அவ்வளவு பார்த்தும் என்ன? நம் ஜனங்கள் கறுப்பு மை கண்ட இடத்தைச் சும்மா விடுவார்களா? வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எழுத்து தெரிந்தது. என் மாமனார் வீட்டில் மொத்தப் பேரும் தூக்கிப் பிடித்துப் படித்துவிட்டார்கள். பெரிய படிப்பு படித்தும் அடக்கமாக அடித்துவிட்டிருக்கிறார்கள் என்று அவர்களே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டார்கள். முகூர்த்தம் முடிந்து பந்தியில் மாமனார் எழுந்து நின்று, “டாக்டரம்மாவுக்கு எல போடுங்கப்பா!” என்றார். நான் திருத்த வாயெடுத்தேன். அக்கா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

இன்றுவரை என் மனைவி வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். பொங்கலுக்கு, காதுகுத்துக்கு, சும்மா வந்து போகும்போதும் டாக்டரம்மா. அப்படி யாராவது கூப்பிட்டால் அவள் உடனே திரும்புவதில்லை. கூட்டத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்று தேடி, என்னை ஒரு தடவை பார்க்கிறாள். அப்புறம்தான், “இன்னாங்க?” என்று திரும்புகிறாள்.